சின்னவர் சத்தம்

அவங்க எல்லாரும் போகட்டும் என்றுதான் அக்கா, எதிர்த்தாற்போல வளையல் கடை ஓரமாக நின்றேன். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தவர், சார்ஜர் மாற்ற வந்தவர், அவர் கூட சும்மா வந்தவர் எல்லாம் போகட்டும் என்று. ஆம்பிளைகள் நடுவில் எனக்குப் பேச வராது. பேச வராது என்றால் வாயே திறக்காது. நீங்க பொம்பளையாக இருக்கப்போய்த்தான் படி ஏறினேன். எங்க தெரு செல்லத்தாய் மதினிதான் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அக்கா செல்போன் கடை வச்சிருக்காவ. கம்ப்யூட்டர்லாம் இருக்கு. அவியகிட்டக் கேளு, நம்மள எளப்பமாப் பாக்க மாட்டாவ."

போன் ரிப்பேர் இல்லை. ரீசார்ஜும் இல்லை. ஒரு பாட்டு.

ஏத்த வேண்டாம், இந்தக் கார்டிலேயே இருக்கு. அதில் பாடுகிற பொம்பளைக் குரலை எடுத்துவிடணும். எடுத்துவிட்டு, பின்னால் ஒரு பிள்ளைச் சத்தம் இருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்துத் தரணும். முடியுமா அக்கா? கல்யாண வீட்டில் மைக் பிடித்துப் பாடுகிறவங்களுக்குக் குரல் இல்லாமல் வெறும் மியூசிக் மட்டும் வருதே, அந்த மாதிரி பிரிக்கலாம் என்கிறாங்களே.

பொம்பளைக் குரல் போனால் போகட்டும். அது என் குரல்தான்.

சிரிங்க, பரவாயில்லை. எங்க தெருவிலும் சிரித்தாங்க. ஆறாவது வரைக்கும் போனவள், பள்ளிக்கூடத்தில் வருகைக்கு 'உள்ளேன் டீச்சர்' சொல்லக்கூட நாக்கு எழாதவள், இவள் பாட்டு ஆல்பத்தில் வந்திருக்கிறாளாம் என்று. கூட்டம் இல்லையே இப்போ? உட்காரட்டுமா? இவள் தூங்கிவிட்டாள், கை கடுக்குது. நேத்ரா என்று பேர். நாலு மாசம்.

ஜெரோம் சார் என்று ஒருத்தர். நீங்க கேட்டிருப்பீங்க. சினிமாவில் பாடுகிறவர் இல்லை. கிதார் வைத்துக்கொண்டு அவரே எழுதுவார், அவரே பாடுவார். நம்ம ஊர்ப் பாட்டு மாதிரியும் இருக்கும், வெள்ளைக்காரன் கத்துகிற மாதிரியும் இருக்கும். ஃபோக் ராக் என்று அதற்குப் பேராம். மெட்ராஸில் நாலு பேராகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தாங்க. பிறகு சண்டை போட்டுப் பிரிந்துவிட்டாங்க. "இது என் முதல் தனி ஆல்பம். இது விழுந்துச்சுன்னா நான் அவ்வளவுதான், சுயம்பு" என்று எங்க வீட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்வார். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். நல்ல மனுஷன் அக்கா. என்னைத் தங்கச்சி என்பதைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை.

எங்க வீட்டுக்காரர் அப்போ உப்பு லாரி ஓட்டினார். ஜெரோம் சாருக்கு மெத்தை, மரப்பலகை, பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் உப்பளத்துக் குடோனில் இறக்கினார். இறக்கப்போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். லாரியை விட்டுவிட்டு ஜெரோம் சார் வேனை ஓட்டுவது, டீ வாங்குவது, வயர் இழுப்பது என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, "தனி ஆல்பம் போடப்போறாரு தெரியுமா" என்றார். நான், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"ஏ கோட்டி, போட்டோ ஆல்பம் இல்லட்டி. பாட்டு ஆல்பம்! அத்தனை பாட்டும் அவரு ஒருத்தரே."

"அத்தனை பாட்டும் ஒருத்தரே பாடுனா தொண்டை வலிக்காதா?"

இதைப்போய் ஜெரோம் சாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் அதற்கும் சிரித்தாராம். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மெட்ராஸில் பெரிய ஸ்டுடியோவெல்லாம் இருக்காம். அங்கே வேண்டாம் என்று இங்கே வந்தார். அவருக்குப் பிறந்த ஊர் இதுதானாம். இந்த மண்ணுக்குள் உட்கார்ந்துதான் பாடுவேன் என்று பிடிவாதம். உப்பு வைக்கிற பழைய குடோனைப் பிடித்து, சுவர் முழுக்க பஞ்சு மெத்தை அடித்து, அதற்கு மேலே கம்பளி, சாக்கு எல்லாம் தொங்கவிட்டு, கதவு இடுக்கில் துணி திணித்து... உள்ளே போனால் நம்ம மூச்சு நமக்கே கேட்கும். அப்படி ஒரு அமைதி. மேலே தகரக் கூரை.

முதல் நாள் அவர் செருப்பு இல்லாமல் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார். அளத்துக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தாங்க. "என்ன சார், காலைக் கருவாடு போடப்போறியளா?" என்று கேட்டாங்க. சாயங்காலம் கால் வெடித்து, எங்க வீட்டில்தான் வந்து நல்லெண்ணெய் வாங்கித் தடவினார்.

அன்றைக்குத்தான் அவருக்குச் சாப்பாடு போட்டேன். போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். சின்னவர் தொட்டிலில் சிணுங்கினார். சின்னவர் என்றால் என் மகன். எங்க வீட்டுக்காரர் ஆசைக்கு தர்னேஷ் என்று வைத்தார். அது எனக்கு வாயில் நுழையவில்லை. சின்னவரே, சின்னவரே என்றுதான் கூப்பிடுவேன். முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கு என்று இவர் கேலி செய்வார். சிணுங்கினால் ஏதாவது இழுப்பேன். எழுதி வைத்ததெல்லாம் இல்லை, வாயில் வருவதுதான்.

உப்பேத்தப் போன லாரி
ஊர் சுத்தி வந்திருமே
சக்கரம் உறங்கலியே - எங்க
சின்னவரு உறங்கட்டுமே

இது மாதிரி. இவர் லாரியில் வரத் தாமதமாகும்போது இழுத்தது. வெளியே தட்டில் கை வைக்கிற சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஜெரோம் சார் சோற்றில் கையை வைத்தபடி அசையாமல் இருக்கிறார்.

"நிறுத்தாத தங்கச்சி."

நான் நிறுத்திவிட்டேன். யாராவது கேட்கிறாங்க என்று தெரிந்தால் எனக்கு வருமா?

"யாருகிட்டக் கத்துக்கிட்ட இதை?"

நான் தலையை ஆட்டினேன். இவர்தான் பதில் சொன்னார். "அவ எங்க சார் கத்துக்கிட்டா. அவ வீட்டுப் பொம்பளையள்லாம் இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடப்பாளுவ."

அதனால்தானோ என்னமோ, ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்கு நேராக 'வழிவழியாக வந்த தாலாட்டு' என்று போட்டிருக்காம். செல்லத்தாய் மதினி மகள் படித்துக் காட்டினாள். என் பேர் இல்லை. எனக்குப் பேர் எதற்கு அக்கா? அதற்கெல்லாம் நான் வரவில்லை. அதை நான் மனசில் வைக்கவே இல்லை. போட்டிருந்தால் பொன்கனி என்று போட்டிருக்கணும், அவ்வளவுதானே. விடுங்க.

குடோனுக்குப் போனேன். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தண்ணி கொடுத்தாங்க, காபி கொடுத்தாங்க, ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. நவநீத் என்று ஒரு தம்பி, மெட்ராஸ்காரர், காதில் கூடை மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு எந்நேரமும் மிஷின் முன்னால் இருப்பார். அவர், "சார், இவங்க செட் ஆக மாட்டாங்க, வேற பார்ப்போம்" என்றார். ஜெரோம் சார் விடவில்லை. என் புடவை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, என்னைச் சுற்றித் திரை மாதிரி கட்டிவிட்டு, சின்னவரைத் தூக்கி மடியில் வைத்தார். "யாரும் இல்லன்னு நினைச்சுக்க. உன் பிள்ளை, நீ, அவ்வளவுதான்" என்றார்.

வந்துவிட்டது அக்கா! எனக்கே ஆச்சரியம். பிள்ளை மடியில் இருந்தால் வருது. இல்லாவிட்டால் வரவில்லை.

ஆனால் சின்னவருக்கு ஒரு பழக்கம். நான் 'உறங்கட்டுமே' என்று இழுத்து முடிக்கவும், சரியாக அந்த இடத்தில், "ங்கா" என்பார். கேள்வி கேட்கிற மாதிரி கடைசியில் ஒரு தூக்கு. முடிஞ்சுதா? என்பது மாதிரி. வீட்டில் அதற்கு நான், "ஆமா முதலாளி, முடிஞ்சுது" என்பேன். அங்கேயும் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்துவிட்டாங்க. ஜெரோம் சார் வந்து அவர் கன்னத்தைக் கிள்ளி, "பழைய பேண்டுல இருந்த பயலுக எவனும் இவ்வளவு கரெக்டா உள்ள வந்ததில்லடா. நீதான் என் புது மெம்பர்" என்றார்.

நவநீத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "சார், குழந்தை வாய்ஸ் விழுந்துடுச்சு. டேக் வேஸ்ட். ஒன் மோர்."

ஒவ்வொரு தடவை பாடுவதற்கும் டேக் என்று பேர். அதில் ஒரு சின்னச் சத்தம் விழுந்தாலும் கெட்டுப்போச்சு என்பாங்க. காக்கா கத்தினால் கெட்டுப்போச்சு. என் வளையல் உரசினால் கெட்டுப்போச்சு, கழற்றிவிட்டேன். ஜெரோம் சார் என்னிடம் பக்குவமாகச் சொன்னார்: "பிள்ளை மடியில இருக்கணும் தங்கச்சி. அப்பத்தான் அது தாலாட்டு. ஆனா அவன் சத்தம் போடக்கூடாது. பாட்டு உன்னோடது மட்டும். அதுக்குச் சுத்தியும் ஒண்ணுமே இருக்கக்கூடாது. ஊசி விழுற அமைதி."

அந்த அமைதிக்காகத்தான் மத்தியானத்தில் வைத்தாங்க. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அளத்தில் விடியலுக்கு முன்னால் இறங்கினால் உச்சி வெயிலுக்குள் வேலையை முடித்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவாங்க. லாரி நிற்காது, மோட்டார் ஓடாது, ஆள் பேச்சு கிடையாது. மத்தியானம் உப்பளத்தில் நின்றால் உலகத்தில் நாம் ஒருத்தர்தான் என்று இருக்கும். சித்திரை மாசம் வேற, கேட்கவே வேண்டாம். பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் நவநீத் தம்பி "ஃபேன் ஆஃப்!" என்று ஒரு குரல் கொடுப்பார். ஃபேன் ஓடினால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விழுமாம். கதவையும் சாத்திவிடுவாங்க. ஜெரோம் சார் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணி எடுக்கலாம், அப்படி நனைந்திருப்பார். ஆனாலும் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. தொழிலில் அவ்வளவு பக்தி.

ஒரு டேக் முடிந்ததும் எல்லாரும் வெளியே ஓடிக் காற்று வாங்கிவிட்டு வருவாங்க. நான் போகமாட்டேன். "நீ மட்டும் அசையாத தங்கச்சி, எழுந்தா மைக் தூரம் மாறிடும், மறுபடி முதல்ல இருந்து செட் பண்ணணும்" என்று சொல்லியிருந்தாங்க. எனக்காக அவங்களுக்கு எதுக்கு இரட்டை வேலை? சொன்னால் சொன்னபடி உட்கார்ந்திருப்பேன். பொன்கனி மாதிரி பொறுமை யாருக்கும் வராது என்று ஜெரோம் சாரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைசி நாள் சின்னவருக்குக் காலையிலேயே உடம்பு கதகதப்பாக இருந்தது. இவரிடம் சொன்னேன்.

"பல்லு வருதுட்டி. பல்லு வந்தா சுடத்தான் செய்யும்."

"இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்னு சொல்லுங்களேன்."

"நாளைக்கு எல்லாரும் மெட்ராஸ் கெளம்புதாவ. இந்த ஒரு பாட்டுதான் பாக்கி. இதுக்கா மனுசன் ஆல்பத்தையே நிறுத்துவாரு? ஒரு மணி நேரம் பாடிட்டு வந்திரு."

சரிதானே அவர் சொல்வதும்? பெரிய வேலை நடக்கும்போது நம்ம பிள்ளைக்குச் சூடு, நம்ம பிள்ளைக்குச் சளி என்று போய் நின்றால் என்ன நினைப்பாங்க? சின்னவரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

அன்றைக்கு சின்னவர் அவங்களைப் படுத்தின பாடு! ஒவ்வொரு டேக்கும் 'ங்கா'. நான் வாயைப் பொத்தினேன், கையைத் தட்டிவிட்டுச் சொன்னார். ஜெரோம் சார் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம், "ஐயோ, மறுபடியுமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து அழ ஆரம்பித்தார் சின்னவர். பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. தலையை இப்படி இப்படித் திருப்பினார். நவநீத் தம்பி, "அக்கா, கொஞ்சம் வெயிட் பண்ணலாம், தானா தூங்கிடுவான்" என்றார். கதவைத் திறக்கவில்லை, வெளிச்சம் பட்டால் முழித்துக்கொள்வான் என்று.

சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக அழுகை குறைந்தது. முனகினார். பிறகு அதுவும் இல்லை. தலை என் கைமேல் தொய்ந்து விழுந்தது. கண் பாதி மூடியிருந்தது. தூங்கிவிட்டார் என்று புடவை இடுக்கு வழியாகக் கையைக் காட்டினேன்.

"ரெடி. ரோலிங்."

பாடினேன் அக்கா. அப்படி நான் பாடினதே இல்லை. 'உறங்கட்டுமே' என்று முடித்தேன். இப்போ சொல்லிவிடுவாரோ, இப்போ சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த அடி, அதற்கடுத்த அடி... ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு சமத்து! அம்மா வேலை முடியட்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது போல. முடிந்ததும் யாரும் வாயைத் திறக்கவில்லை, மிஷின் ஓடுதே. கையை மட்டும் மேலே தூக்கி ஆட்டினாங்க. மிஷினை நிறுத்தினதும் ஒரே கைதட்டல். ஜெரோம் சார் திரையை விலக்கி, என் காலடியில் உட்கார்ந்து அழுதே விட்டார். "என் ஆல்பம் முடிஞ்சிருச்சு தங்கச்சி" என்றார்.

கைதட்டலுக்கும் சின்னவர் முழிக்கவில்லை. நான் தோளில் போடப் பார்த்தேன். "எழுப்பாத, பாவம், நல்லாத் தூங்குறான்" என்றாங்க. வெளியே நிழலில் பாய் விரித்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டாங்க. நானும் அவரை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. எனக்கு ஒரு லெக் பீஸ் கூட வைத்தாங்க.

வீட்டுக்கு வரும் வழியில் வேனில் வைத்து சின்னவருக்கு வெட்டு வலிப்பு வந்துவிட்டது. கை கால் எல்லாம் விறைத்து... அதைச் சொல்லவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கண்ணை விரித்துப் பார்த்தாங்க, அங்கே இங்கே தொட்டாங்க, ஈரத்துணி போட்டாங்க, ஊசி போட்டாங்க. "பிள்ளையை வெயில்ல வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாங்க. இவர், "இல்லம்மா, வெயிலே படல" என்றார். அது உண்மைதான் அக்கா. ஒரு பொட்டு வெயில் படவில்லை. வீட்டில் இருந்து வேன், வேனில் இருந்து குடோன். டாக்டரம்மா திரும்பவும் கேட்டாங்க, இவர் திரும்பவும் அதையே சொன்னார். மூணாவது தடவை கேட்கும்போது இவர் தலையைக் குனிந்துகொண்டார். படித்தவங்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் என்னதான் சொல்வது?

கண்ணு பட்டதுதான் அக்கா. அத்தனை பேர் கைதட்டினாங்களே. பிறகு என்ன ஆகும்?

அடக்கத்துக்கு ஜெரோம் சார் வந்தார். மெட்ராஸ் போகாமல் நின்றுவிட்டார் எனக்காக. குழி ஓரத்தில் நின்று, ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எங்க வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருக்கு எவ்வளவோ வேலை. தையில் ஆல்பம் வந்தது. 'உவர்' என்று பேர். ஊர் உலகமெல்லாம் இந்தத் தாலாட்டைத்தான் சொல்கிறாங்களாம். பாட்டைவிட அதற்கு நடுவில் இருக்கிற அமைதிதான் உயிரை உலுக்குது என்று யாரோ எழுதியிருக்காங்களாம். ஆனால் மேடையில் மட்டும் ஜெரோம் சார் இதைப் பாடவே மாட்டேங்கிறாராம். ஜனங்கள் கத்திக் கேட்டாலும் இறங்கிப் போய்விடுவாராம். பொம்பளைப் பாட்டை ஆம்பிளை பாடினால் எடுக்காது என்று நினைக்கிறாரோ என்னமோ.

எங்க வீட்டுக்காரர் வேன் வேலையை விட்டுவிட்டார். திரும்ப லாரிதான். அவருக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது. தெருவில் எங்கேயாவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ஒரு தடவை டீக்கடையில் போட்டாங்க என்று கிளாஸை உடைத்துவிட்டு வந்தார். அவர் போனில் சின்னவர் வீடியோவெல்லாம் இருந்தது, சிரிக்கிறது, குப்புற விழுகிறது, எல்லாம். ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கேட்டதற்கு, "பாத்தா எனக்குப் பைத்தியம் புடிக்கும்" என்றார். ஆம்பிளைகள் மனசு கல்தான் அக்கா. பெற்ற பிள்ளையை அப்படி அழிக்க எனக்கு விரல் வருமா?

நான் அழவெல்லாம் இல்லை. எனக்குச் சின்னவர் சத்தம் காதிலேயே இருந்தது. 'ங்கா'. கண்ணை மூடினால் கேட்கும். அது போதும் என்று இருந்தேன். இவள் பிறந்தாள். போன வாரத்தில் இருந்து இவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இவளது வேற மாதிரி, சும்மா தட்டையாக 'ங்கே' என்பாள், அந்தக் கடைசித் தூக்கு கிடையாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று முன்தினம் பாத்திரம் விளக்கிக்கொண்டு அவரை நினைத்தேன். கண்ணை மூடினேன். இவள் சத்தம்தான் வருது. திரும்பவும் மூடிப் பார்த்தேன். இவள்தான். அவரது வரவே இல்லை அக்கா. சோப்புக் கையோடு எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. இவள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவரது அழிந்துகொண்டு வருது. இவளை வாயைப் பொத்தவா முடியும்?

அப்போதான் நினைப்பு வந்தது, அந்தக் கெட்டுப்போன டேக்குகள்! அத்தனையிலும் அவர் சத்தம் இருக்குமே. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு ஆம்பிளைக்குப் போன் போட்டேன். நவநீத் தம்பிக்கு. "அக்கா, அதெல்லாம் அப்பவே டெலீட் பண்ணியாச்சே" என்றார். யார் அழிக்கச் சொன்னது என்றேன். "ஜெரோம் சார்தான்கா. மெட்ராஸ் வந்த அன்னைக்கே உட்கார்ந்து, ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஹெட்போன்ல கேட்டாரு. கடைசி டேக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டாரு. அது ஒண்ணை மட்டும் வச்சுட்டு மத்தது எல்லாம் அழிக்கச் சொல்லிட்டாரு" என்றார். மிஷினில் இடம் பத்தியிருக்காது.

அதனால்தான் உங்ககிட்ட வந்தேன். மிச்சம் இருக்கிறது இந்த ஒன்றுதான். இதில் அவர் சத்தம் போடவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் முழுப்பாட்டும் என் மடியிலேதானே இருந்தார்? ஒரு முனகலாவது விழுந்திருக்காதா? காதால் கேட்க முடியாதது உங்க மிஷினுக்குக் கேட்குமே. ஒரு துளி போதும். அதைப் பிடித்துக்கொண்டு நான் மிச்சத்தை ஞாபகம் பண்ணிக்குவேன்.

பார்க்கிறீங்களா? நல்லா இருப்பீங்க அக்கா. இதோ கார்டு. எட்டாவது பாட்டு.

ஆமாம், ஆரம்பத்தில் என் குரல் மட்டும்தான். பின்னால்தான் கிதார், டிரம் எல்லாம் வரும். ஓ, பிரிக்க வேண்டாமா? நான் அடி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தை மட்டும் வெட்டி, சத்தத்தைக் கூட்டினால் போதுமா? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீங்க செய்ங்க. ஹெட்போனை நீங்களே முதலில் போட்டுக்கோங்க.

வருதா?

இன்னும் கூட்டுங்களேன்.

என்ன அக்கா? ஏன் கழற்றிட்டீங்க? ஒன்றும் இல்லையா? இருக்கா? இருக்குன்னா பிறகு ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? குடுங்க, எங்கிட்டக் குடுங்க. இவள் முழிக்கமாட்டாள், நான் பிடித்துக்குவேன்.

ம். கேட்குது. இது என் வளையல்... இல்லை, வளையல் கழற்றியாச்சு. இது மூச்சு. என் மூச்சு இல்லை, எனக்குத் தெரியாதா? சின்னதாக... அக்கா, இது அவர்தான்! கிடைத்துவிட்டார்! கண்ணீர் விடாதீங்க, நல்ல காரியம்தானே பண்ணியிருக்கீங்க. 'ங்கா' இல்லாவிட்டால் என்ன, மூச்சு இருக்கே. எப்படி ஓடுது பாருங்க மூச்சு, எங்கேயோ ஓடி வந்தவர் மாதிரி.

எதற்கு இவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறீங்க? இவளுக்கு ஒன்றும் இல்லை அக்கா. நல்லாத் தூங்கறாள். தொட்டுப் பாருங்க, ஜில்லென்றுதான் இருக்கும். இதோ மூக்குக்கிட்ட விரல் வைத்தால் மெதுவாக வருது, மெதுவாகப் போகுது.

மெதுவாக வருது. போகுது.

இருங்க, நிறுத்தாதீங்க. இன்னொரு தடவை போடுங்க. அந்த இடத்தையே போடுங்க.

இவளுக்கு ஒன்று போய் வருவதற்குள், அங்கே மூணு... நாலு... நடுவில் ஒன்று சிக்கி நிற்குது. திரும்ப ஓடுது.

இவளும் தூங்கத்தானே செய்கிறாள் அக்கா?

இல்லை, நீங்க சொல்லவேண்டாம். வெட்டின இடத்தோடு நிறுத்தாமல் மேலே ஓடவிடுங்க. அடுத்த அடி இப்போ வந்துவிடும். இந்தா, வந்துவிட்டது. அவர் அப்படிக் கிடக்கிறார். நான் பாடிக்கொண்டே இருக்கிறேன்.